ஒரே சாலை, இரண்டு கோடுகள்

ஓசூர் டைட்டன் கடிகார ஆலை இருக்கும் ஊர். இன்று அங்கே விடிகாலையில் ஓடுபவர்களின் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் நேரத்தோடு நிற்பதில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, ஓடிய வழியை நொடிக்கொரு புள்ளியாகக் குறித்து வைக்கிறது.

ஒருவருடைய தடத்தை மட்டும் பார்ப்பதில் பெரிய சுவாரசியம் இல்லை. இருவருடையதை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, புறப்பட்ட நொடியைப் பொருத்திப் பார்க்க வேண்டும், ருசி அதில்தான். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் இருவர் 10 கி.மீ. ஓடி, இருவருமே 50 நிமிடத்தில் முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிவுப் பட்டியலில் இருவரும் சமம். தடத்தில் கதையே வேறு. ஒருவர் முதல் பாதியைக் கிலோமீட்டருக்கு 4:40 என்று பறந்து, மீதியை 5:20 என்று இழுத்திருக்கிறார். மற்றவர் கடைசிவரை 5:00. ஐந்தாவது கிலோமீட்டரில் முன்னவர் 100 நொடி முந்துகிறார். இடைவெளி வரைபடம் அதுவரை ஓட்டுக்கூரை முகடுபோல் ஏறி, அப்புறம் சரிந்து பூஜ்யத்தைத் தொடுகிறது. அவசரப்பட்டவர் யார், எந்த இடத்தில் தளர்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் கடிகாரம் குறிக்கும் புள்ளி திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். உயர்ந்த கட்டடங்களுக்கு அருகே சமிக்ஞை எதிரொலித்து ஆளைச் சாலைக்கு வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒற்றைப் புள்ளியை வைத்துச் சண்டை போடாதீர்கள். சில நூறு மீட்டரைச் சேர்த்துப் பாருங்கள்; பக்கத்தில் ஓடியவரின் தடத்தையும் கேட்டு வாங்குங்கள்.