ஏழு தோல்விகளை வெட்டிய படம்: 'வீ ஆர் மார்ஷல்'

மெக்ஜி (McG) இயக்கி 2006-ல் வந்த 'வீ ஆர் மார்ஷல்' படத்தைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். மேத்யூ மெக்கானகே நடிச்ச விளையாட்டுப் படம். மோசமான படம் இல்லை. ஆனா கடைசி அரை மணி நேரத்தில் அது செய்யும் ஒரு காரியம் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், முட்டி மோதுவது. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் ஊரில் இருக்கிறது மார்ஷல் பல்கலைக்கழகம். 1970 நவம்பர் 14 அன்று கிழக்குக் கரோலினாவிடம் 17-14 என்று தோற்றுவிட்டு அணி விமானத்தில் திரும்பியது. தரையிறங்க வேண்டிய நேரத்தில் விமானம் குன்றில் மோதியது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், கூடவே போன ஊர்ப் பெரியவர்கள். ஆறு ஆட்டக்காரர்களின் உடலை அடையாளம் காண முடியாமல் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தார்கள்.

படம் சொல்வது அடுத்த வருஷக் கதை. அணி இனி வேண்டாம் என்று ஒரு பேச்சு. வேண்டும் என்று மாணவர்கள். பயிற்சியாளர் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஓஹையோவில் வூஸ்டர் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து ஜாக் லெங்கெல் தானாக வருகிறார். இதெல்லாம் நிஜம். அப்போ முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது தேசிய விதி. மார்ஷலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். சாக்கர் ஆடுகிற ஒருவரைக் கூட்டிவந்து பந்தை உதைக்க வைத்தார்கள். வேறு மாதிரி ஆட்ட முறை வேண்டியிருந்தது. அதைக் கற்றுக்கொள்ளத் தங்கள் ஆட்டக் குறிப்புகளைத் திறந்துவிட்டவர் அதே மாநிலத்தின் போட்டி அணிப் பயிற்சியாளர் பாபி பௌடன். படத்தின் நல்ல பகுதி இதுதான். பதினெட்டு வயசுப் பசங்களை வைத்து ஒரு அணியை எப்படிக் கூட்டுவது என்ற வேலை, அதன் அலுப்போடு தெரிகிறது.

மகனை இழந்த தந்தையாக இயன் மெக்ஷேன் நன்றாக நடிக்கிறார், ஆனால் அது கற்பனைப் பாத்திரம். கதை சொல்லும் பெண்ணும் அப்படித்தான். அதில் எனக்குப் புகார் இல்லை. அத்தனை குடும்பங்களின் துயரத்தை இரண்டு முகத்தில் அடக்கத்தான் வேண்டும்.

பிரச்சினை வேறே. படத்தின் நடுவில் லெங்கெல் உதவிப் பயிற்சியாளரிடம் ஒன்று சொல்கிறார்: ஜெயிப்பது என்றாவது முக்கியமாகும், இப்போதைக்கு ஆடுவதே முக்கியம். படத்தின் சாரமே அதுதான் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். ஆனால் 1971 பருவத்தின் முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட்டிடம் 29-6 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டம் செப்டம்பர் 25, ஸேவியருக்கு எதிராக. கடைசி வினாடியில், முதலாண்டு மாணவர் டெரி கார்ட்னர் பந்தோடு கோட்டைக் கடக்க, 15-13. கூட்டம் களத்தில் இறங்குகிறது. படமும் அங்கேயே முடிஞ்சுபோகுது. மிச்சமெல்லாம் பின்குரலில் சில வரி.

மிச்சம் என்ன தெரியுமா? அடுத்த ஆட்டத்தில் மயாமி (புளோரிடா அல்ல, ஓஹையோ) 66-6 என்று அடித்தது. அந்த ஆண்டு ஒருவரிடமும் தோற்காத டொலிடோ 43-0. இடையில் பௌலிங் கிரீனை 12-10 என்று ஒருமுறை வென்றார்கள். மொத்தம் 10 ஆட்டம், 2 வெற்றி, 8 தோல்வி. பல ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. லெங்கெல் நாலு வருஷம் இருந்தார்; 9 வெற்றி, 33 தோல்வி. அணி ஒரு பருவத்தில் தோல்வியைவிட அதிகம் வென்றது 1984-ல்தான்.

66-6 ஆன மறுநாள் பயிற்சிக்கு வந்து நின்ற பசங்க முகம் எப்படி இருந்திருக்கும்? வகுப்பில் யார் என்ன கேட்டிருப்பார்கள்? இறந்தவர்கள் ஆடிய இடத்தில் நின்றுகொண்டு வாராவாரம் அடி வாங்குவது, அதுவும் இறந்தவர்களின் அப்பா அம்மா பார்க்கிற ஊரில். லெங்கெல் சொன்ன 'ஆடுவதே முக்கியம்' என்பதற்குச் சோதனை அந்த எட்டு ஆட்டங்கள்தான். ஸேவியர் ஆட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை, ஜெயிச்சாச்சே! வெற்றி முக்கியமில்லை என்று சொன்ன படம், வெற்றியில்லாமல் பார்வையாளரை வெளியே அனுப்பப் பயந்துவிட்டது. நம்ம தொழிலில் டெமோ நடந்த அன்றைக்குக் கைதட்டிவிட்டு, அடுத்த ஆறு மாதம் ராத்திரி முழிச்சு அதைக் கட்டிக் காத்தவனை மறந்துவிடுவோமே, அது மாதிரி.

இன்னொன்றும் படத்துக்குத் தேவைப்படவில்லை. விபத்துக்கு முன்பே மார்ஷல் 1960-களின் பின்பாதியில் 27 ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றி பார்க்காத அணி. ஆட்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று 1969-ல் தங்கள் லீகிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள். தோற்பது அந்த ஊருக்குப் புதுசு இல்லை. இதைச் சொல்லியிருந்தால் 2-8 என்ற கணக்கு ஊர்க்காரர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது நமக்கும் புரிந்திருக்கும்.

டெபோரா நோவாக், ஜான் விட்டெக் இருவரும் 2000-ல் எடுத்த 'ஆஷஸ் டு குளோரி' என்ற ஆவணப்படம் இருக்கிறது. அதில் பேசுபவர்கள் நிஜ மனிதர்கள். முடிந்தால் முதலில் அதைப் பாருங்கள். மெக்கானகே படத்தை அப்புறம் பார்த்துக்கலாம், முதல் ஒன்றரை மணி நேரத்துக்காக.