சிலம்பேந்திய கையும் கதை சொல்லும் கல்லும்

பெண்ணின் திண்மையைக் கலைஞர் காட்டும் நெறி இரண்டு. அவள் வாழ்வின் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுவது ஒன்று. அக்கணத்துக்கு அவள் வந்துசேர்ந்த வழியை நிரல்படக் காட்டுவது மற்றொன்று. தமிழர்க்கு இரண்டிற்கும் கண்ணகியே எடுத்துக்காட்டு.

1966-இல் கோலாலம்பூரில் முதன்முதல் நடந்த உலகத் தமிழ் மாநாடு, 1968-இல் சென்னையில் இரண்டாம் முறை கூடியபோது மெரினாவில் கண்ணகி சிலை எழுந்தது. 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. சிலம்பேந்திய கையும் சினந்த முகமுமே அதன் மொழி. அது நெஞ்சை அதிரச் செய்கிறது, உண்மை. ஆயினும் சினம் மட்டுமா கண்ணகி?

1973-இல் பூம்புகாரில் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியத்தைக் காட்சி காட்சியாகக் கல்லில் சொல்கிறது. இந்நெறியே அவளுக்குப் பொருந்துவது. ஏனெனில் அவள் வலிமை மதுரையில் திடீரெனப் பிறந்ததன்று. காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று என மறுத்தவள் அவள். அங்கே குரல் உயரவில்லை. உள்ளம் உறுதியாக நின்றது. அரசவையிலும் அவள் அழுது மட்டும் நிற்கவில்லை, சான்று காட்டினாள். பாண்டிமாதேவி சிலம்பின் பரல் முத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதை உடைத்துக் காட்டி வழக்கை வென்றாள். அவளைக் கற்புத் தெய்வமாக மட்டும் காட்டும் கலைஞர், நீதி கேட்ட குடிமகளை மறைத்துவிடுகின்றனர்.

மேலைநாட்டிலும் இந்நெறி உண்டு. போர்த்துகலில் பிறந்த ஓவியர் பவுலா ரேகோ (1935–2022) கதை சொல்லும் ஓவியங்களால் புகழ்பெற்றவர். 1987-இல் அவர் வரைந்த ‘காவலரின் மகள்’ ஓவியத்தில் ஒரு பெண் தந்தையின் காலணிக்குள் கைவிட்டு அதைத் துடைக்கிறாள். செய்வது பணிவிடை, தோற்றத்திலோ அடங்காமை. 1998-இல் கருக்கலைப்பு உரிமைக்கான பொதுவாக்கெடுப்பு போர்த்துகலில் தோற்றபின், மறைவிடத்தில் கருக்கலைத்துக்கொண்ட பெண்களை அவர் வரிசையாக வரைந்தார். 2007-இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்பில் உரிமை வென்றது. கதை சொல்லும் ஓவியம் வழக்கும் உரைக்கும் என்பதற்கு இது சான்று.

இனி, நம் நிலைமை யாது? 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டப் பெண்கள் பலர். துப்பாக்கியேந்தி நிற்கும் அவர்தம் நிழற்படமும் ஒரு கணமே. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிய கை துப்பாக்கியைப் பற்றியது எவ்வாறு? அவ்வழியை யார் வரைந்து காட்டுவது? கரங்கான் முதலிய கெடாத் தோட்டப்புற ஊர்களில் பள்ளிச்சுவர்களும் மன்றச்சுவர்களும் உள. கண்ணகியின் சினத்தை இன்னொரு முறை தீட்டுமுன், நம் பாட்டிமாரின் கதையை முதலிலிருந்து தீட்ட இளம் ஓவியர் முன்வருவாராக.