வாக்குத்தத்த அட்டையும் துக்க வீடும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின்போது தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு சுற்றி வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டைகள் அதில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பின்னணியில் மலையோ மலரோ. நடுவில் ஒரு வேதவசனம். ஓரத்தில் ஆண்டும் சபையின் பெயரும். ஆளுக்கொன்றாக எடுத்து, ஒருவர் அட்டையை மற்றவர் வாங்கிப் படித்து, வீட்டுக்குப் போனதும் பீரோ கதவில் ஒட்டிவிடுகிறார்கள். பிறக்கிற ஆண்டுக்கான வாக்குத்தத்தம் அதுதான். நடு ஆண்டில் அந்த வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், அந்த வசனம் தாங்குமா என்பதே கேள்வி.

சீட்டு எடுத்து வசனம் பெறும் இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியச் சபையார் 1728இல் நாளுக்கொரு வசனம் என்று வீடுவீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. இன்றும் அதற்கான பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கிறார்கள். அச்சபையை உருவாக்கிய சின்ட்சென்டார்ஃப் பிரபு படித்தது ஹாலே நகரத்தில். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கும் அதே ஹாலே பக்தி மரபில் உருவானவர்தான்.

ஒற்றை வசனத்தைப் பற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. துக்கத்தில் இருப்பவரால் நான்கு அதிகாரங்களைச் சேர்ந்தாற்போல் படிக்க முடிவதில்லை. பக்கம் புரளும், மனம் நிற்காது. அப்போது மனப்பாடமான ஒரே ஒரு வசனம் கைக்குக் கிடைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி விடியலைக் காண்கிறார். தனக்கென்று சொற்கள் இல்லாத நேரத்தில், பலர் அழுதபடி சொல்லித் தேய்ந்த சொற்கள் துணைக்கு வருகின்றன.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் அந்த மொரேவிய வசனப் புத்தகத்தைத் தவறாமல் படித்தவர். ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பும் வாய்ப்பாக அவருக்கு அமெரிக்கா கிடைத்தது. 1939 ஜூனில் நியூயார்க்கில் மனம் அலைபாய்ந்த நாட்களில், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வரி அவர் கண்ணில் பட்டது. அது தன்னை நோக்கியே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தனி வசனம் ஒரு மனிதரை எவ்வளவு ஆழமாகப் பிடிக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த வசனம் அவருக்குப் பாதுகாப்பு எதையும் வாக்களிக்கவில்லை.

குறை தொடங்கும் இடமும் அதுவே. அட்டைகளில் அதிகம் இடம்பெறும் வசனங்களில் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே கடவுளுக்கு உண்டு என்று அது உறுதி தருகிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். முந்தைய வசனமோ விடுதலைக்கு 70 ஆண்டு ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் முந்தைய அதிகாரத்தில் வரும் அனனியா. அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்றே வேதம் கண்டிக்கிறது. 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஐ மட்டும் அச்சிடும் அட்டை, எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் வார்த்தையாக மாற்றிவிடுகிறது.

91ஆம் சங்கீதத்துக்கும் இதே கதிதான். கொள்ளைநோய் அணுகாது என்று சொல்லும் அந்தச் சங்கீதம் கொரோனா நாட்களில் கைபேசிகளில் ஓயாமல் வலம் வந்தது. அதை அனுப்பியவர்களும் பெற்றவர்களும் சாகத்தான் செய்தார்கள். இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தான் ஆலயத்தின் உச்சியில் எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதத்தைத்தான். தனியே பிய்த்தெடுத்த வாக்குத்தத்தத்தின் ஆபத்தைச் சுவிசேஷமே பதிவு செய்திருக்கிறது.

வாக்குத்தத்தம் பலிக்காதபோது பழி யார்மேல் விழுகிறது? பெரும்பாலும் துக்கப்படுகிறவர்மேலேயே. ஜெபம் குறைந்துவிட்டதோ, விசுவாசம் போதவில்லையோ என்று வந்தவர்கள் ஜாடையாகக் கேட்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவே அவர்கள் செய்த நல்ல காரியம். பிறகு காரணம் கற்பிக்கத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான். கசந்து கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல.

அட்டைத் தட்டில் இல்லாத பக்கங்கள் வேதத்தில் ஏராளம். சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் ஐந்து அதிகாரம். அதன் நம்பிக்கை வரிகள் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் வருகின்றன. பிறகு மறுபடியும் அழுகை தொடர்கிறது. துக்கப்பட்டவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த ஒழுங்கு இது: நம்பிக்கை வந்த பிறகும் கண்ணீர் நிற்பதில்லை.

ஆகவே வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, விரிவாக்கினால் போதும். அட்டையின் பின்புறத்தில் அந்த வசனத்தை யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னார்கள் என்று நான்கு வரி அச்சிடலாம். துக்க வீட்டுக்குப் போகும் ஆயரும் மூப்பர்களும் 13ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்கலாம். ஆறே வசனங்கள்தான். இன்னும் எத்தனை காலம் என்று முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் அது நம்பிக்கைக்கு வருகிறது. அந்த முதல் இரண்டு வசனங்களோடு வாசிப்பை நிறுத்தி, வீட்டார் பேசுவதற்கு இடம் விடலாம். மீதி நான்கையும் அடுத்த முறை போகும்போது வாசித்துக்கொள்ளலாம்.