நோவின் மொழி: றெனோல்ட்ஸ் பிறைஸின் தன்வரலாற்று நூல் பற்றிய ஒரு நோக்கு

நோய் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. எனினும் இலக்கியத்தில் இடம்பெறும் நோய் பெரும்பாலும் தனக்காக இடம்பெறுவதில்லை. கொள்ளைநோய் ஒரு சமுதாயத்தின் சீரழிவைச் சுட்டும். காசநோய் மென்மையான உள்ளத்தின் அடையாளமாகும். நமது அகப்பாடல்களிலோ ‘நோய்’ என்ற சொல்லே பிரிவுத்துயரைக் குறிக்க வந்துவிடுகிறது. ஓர் உடல் இன்று நோகிறது, நாளையும் நோகும் என்ற வெறும் செய்தியை மாத்திரம் வைத்துக்கொண்டு எழுத முற்பட்டோர் மிகச் சிலரே.

இதற்குக் காரணம் மொழியின் போதாமையே எனக் கூறுவோருளர். வேர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் நோயுறுதல் பற்றி எழுதிய கட்டுரையில், உள்ளத்தின் பெருந்துயரங்களைச் சொல்லவல்ல ஆங்கிலம் ஒரு சாதாரணத் தலைவலியின் முன் வறுமையுற்று நிற்பதாக முறையிட்டார். எலெய்ன் ஸ்காரி 1985-இல் வெளியிட்ட ‘நோவுறும் உடல்’ என்னும் ஆய்வில் இன்னும் ஒருபடி மேற்சென்று, கடும் உடல்நோவு மொழிக்கு அடங்காதது மாத்திரமன்று, மொழியையே அழிப்பதுமாகும் என வாதித்தார். இக்கருத்துகள் பெரிதும் எடுத்தாளப்படுவன. ஆயினும் அவற்றை முழுமையாக ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கனடிய உளவியலாளர் றொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட நோவு வினாக்கொத்திலே நோவை வருணிக்கும் சொற்கள் 78, இருபது தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்திலேயே இவ்வளவு! குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுவை எனப் பிரித்துப் பிரித்துச் சொல்லும் நமது கிராமத்துக் கிழவிக்கும் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. எனவே பிரச்சினை சொற்களின் எண்ணிக்கை பற்றியதன்று. முதல் நாள் கேட்ட சொல்லையே பத்தாம் ஆண்டிலும் கேட்பதற்கு யார் ஆயத்தமாக உள்ளனர் என்பதே பிரச்சினை. அதாவது, நாட்பட்ட நோவு சொல்லாட்சிப் பிரச்சினையாவதற்கு முன்னர் கதையமைப்புப் பிரச்சினையாகிறது. கதை என்பது மாற்றத்தை வேண்டி நிற்பது. நோவோ மாறாதது.

இந்நோக்கிலேயே அமெரிக்க நாவலாசிரியர் றெனோல்ட்ஸ் பிறைஸ் 1994-இல் வெளியிட்ட ‘முற்றிலும் புதியதொரு வாழ்வு’ என்னும் தன்வரலாற்று நூல் ஆராயத்தக்கதாகிறது.

பிறைஸ் 1933-இல் வட கரோலினா மாநிலத்திலே பிறந்தவர். ஒக்ஸ்பேட்டில் கற்று மீண்டபின் 1958 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். 1962-இல் வெளிவந்த முதல் நாவலே அவருக்குப் புகழீட்டித் தந்தது. 1984 வசந்தகாலத்தில், தமது ஐம்பத்தோராவது வயதில், அவரது நடையில் ஏதோ பிழை இருப்பதை உடன் நடந்த ஒருவர் கவனித்தார். பரிசோதனைகளின் முடிவில், கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பத்து அங்குல நீளமும் பென்சிலளவு தடிப்புமுள்ள ஒரு புற்றுக்கட்டி முண்ணாணோடு பின்னிப் பிணைந்து வளர்ந்திருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடைபெற்ற சத்திரசிகிச்சையிலே கட்டியின் சிறுபகுதியையே அகற்ற முடிந்தது. பின்னர் ஐந்து வாரக் கதிர்ச்சிகிச்சை. அது கட்டியைத் தாக்கியதோடு முண்ணாணையும் தாக்கியது. சில மாதங்களில் இரு கால்களும் செயலிழந்தன. 1986-இல் மீயொலிக் கருவி கொண்டு செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகள் எஞ்சிய கட்டியைப் பெரும்பாலும் அகற்றின. அவர் பிழைத்துக்கொண்டார். அதன்பின் 2011 ஜனவரியில் மறையும்வரை சக்கர நாற்காலியிலிருந்தவாறே எழுதினார், கற்பித்தார்.

கட்டியின் கதை இவ்வளவில் முடிந்துவிடுகிறது. அதற்கு எதிர்பாராத் தொடக்கம் உண்டு, நெருக்கடி உண்டு, முடிவு உண்டு. நாவலாசிரியனின் கைக்கு அடங்கும் கதை அது. நோவின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. சத்திரசிகிச்சையாலும் கதிராலும் சேதமுற்ற முண்ணாண், காயம் ஆறிய பின்னரும் பொய்ச் செய்திகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். தொட்டால் உணராத காலிலே தீப்பற்றியது போன்ற எரிவு தோன்றும். வெட்டி அகற்றுவதற்கு அங்கே எதுவுமில்லை. கட்டி போயிற்று, நோவு போகவில்லை என்ற இம்முரணே நூலின் உண்மையான பொருள் எனலாம்.

பிறைஸ் இம்முரணை எவ்வாறு கையாள்கிறார்? நூலின் முற்பகுதியிலே அவர் கட்டியை ஒரு விலாங்காக உருவகிக்கிறார். முதுகினுள் வாழும் விலாங்கு, தன்னைப் போலவே உயிர்வாழ விரும்பும் ஒரு பிராணி. உருவகம் கூரியதே, எனினும் அது கட்டிக்கே பொருந்துகிறது, நோவுக்குப் பொருந்தவில்லை. விலாங்கைப் பிடிக்கலாம், கொல்லலாம். நோவுக்கு உருவமில்லை, பகைமையுமில்லை. பிறைஸ் இதனை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஏனெனில் நூலின் நடுப்பகுதியில், மெதடோன் போன்ற வலுவான மருந்துகளின் மயக்கத்திலே நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதைச் சொல்லுமிடத்து, அவரது வழக்கமான அலங்கார நடை தளர்ந்துவிடுகிறது. வாக்கியங்கள் சோர்வுறுகின்றன; நிகழ்ச்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. சில வாசகருக்கு இப்பகுதி சலிப்பூட்டக்கூடும். ஆனால் நூலின் நேர்மை மிக உயர்ந்து நிற்கும் பகுதியும் இதுவேயாகும். அல்பொன்ஸ் டோடே, சிபிலிசினால் முண்ணாண் சிதைந்து வதையுற்ற காலத்தில் எழுதி வைத்த குறிப்புகள் (அவர் 1897-இல் இறந்தபின் 1930-இலேயே நூலாயின) ஒருபோதும் கதையாகத் திரளவில்லை. அவை துண்டு துண்டாகவே நிற்கின்றன. அத்துண்டுத்தன்மையே அவற்றின் வடிவம். பிறைஸுக்குத் துண்டுகளோடு நின்றுவிட மனம் ஒப்பவில்லை. அவர் கதை சொல்லிப் பழகியவர்.

எனவே 1987 வருகிறது. மூன்றாண்டு கால மருந்துவாழ்வின் பின் உயிர்ப்பின்னூட்டல், அறிதுயில் ஆகிய இரு பயிற்சிகளுக்கும் அவர் அனுப்பப்படுகிறார். தசைகளின் இறுக்கத்தைக் கருவியிலே கண்டு தளர்த்தப் பழகுவது ஒன்று. கவனத்தை நோவிலிருந்து வேறிடத்துக்குத் திருப்பப் பழகுவது மற்றொன்று. இவற்றின் பின் மருந்துகளில் பெரும்பாலானவற்றை அவரால் கைவிட முடிந்தது. சாதாரண எழுத்தாளனொருவன் இவ்விடத்தில் நோவு நீங்கிற்று என எழுதியிருப்பான். பிறைஸ் அவ்வாறு எழுதவில்லை. நோவு அதே அளவில் இருக்கிறது என்கிறார். அதனைப் பொருட்படுத்தும் மனிதனே மாறிவிட்டான் என்கிறார். மாறாத நோவுக்கும் மாற்றத்தை வேண்டும் கதைக்கும் இடையே அவர் கண்டுகொண்ட தீர்வு இது. கதையின் மாற்றம் நோவிலன்று, நோவுறுபவனில் நிகழ்கிறது. அறிதுயில் பழகியபோது மறந்துபோன இளமை நினைவுகள் திரண்டெழுந்து, 1989-இல் வெளிவந்த ‘தெளிவான சித்திரங்கள்’ என்னும் நூலுக்கு வித்தாயின என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. நோவைத் தணிக்கக் கற்ற வழியே எழுத்துக்குரிய வழியும் ஆயிற்று.

இப்பகுதியிலேதான் நூலின் கோபமும் வெளிப்படுகிறது. இத்தகைய பயிற்சிகள் உண்டு என்பதை மூன்றாண்டுகளாக மருத்துவர் எவரும் சொல்லவில்லையே என்பதே அக்கோபம். முன்னர் ஓரிடத்தில், கட்டி பற்றிய முதற் செய்தியைச் சனநடமாட்டமுள்ள நடைவழியில், தள்ளுகட்டிலிலே அரைகுறை ஆடையுடன் கிடந்தவருக்கு இரு மருத்துவர் நின்றவாறே சொல்லிச் சென்ற காட்சி வருகிறது. பெரிய குற்றச்சாட்டு எதுவுமின்றி, யார் எங்கு நின்றனர் என்பதை மாத்திரம் பிறைஸ் சொல்கிறார். நூலின் மிகச் சிறந்த பக்கங்களுள் அது ஒன்று. மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத்தக்கது.

நூலின் மிகச் சர்ச்சைக்குரிய பகுதியும் உண்டு. கதிர்ச்சிகிச்சை தொடங்குமுன், 1984 ஜூலையில் ஒரு விடியற்காலை, தாம் கலிலேயாக் கடற்கரையிலே கிடந்ததாகவும், யேசு தம்மை நீருக்குள் அழைத்து முதுகின் வடுவிலே நீர் வார்த்ததாகவும், பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றதாகவும், நோயும் நீங்கிற்றா எனத் தாம் கேட்க அதற்கும் ஆமென விடை கிடைத்ததாகவும் பிறைஸ் எழுதுகிறார். கனவன்று, நிகழ்ச்சியே என வற்புறுத்துகிறார். பகுத்தறிவு நோக்குடைய வாசகர் இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் விமரிசனத்துக்குரிய வினா அது உண்மையா பொய்யா என்பதன்று. நூலிலே அது என்ன செய்கிறது என்பதே. அக்காட்சியில் கேள்வி கேட்பவர் பிறைஸே. விடை கேளாமல் கிடைத்ததன்று, வற்புறுத்திப் பெறப்பட்டது. நோயாளி ஒருவன் மருத்துவரிடம் கேட்கத் துணியாத வினாவை அவர் அங்கே கேட்டுவிடுகிறார். அவ்வகையில் நடைவழிக் காட்சியும் கடற்கரைக் காட்சியும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்தவை. மேலும், நீங்கிற்று என்ற அவ்விடையில் நோவு அடங்கவில்லை. அற்புதம் நிகழ்ந்த பின்னரும் நோவு எஞ்சியிருப்பதை மறைக்காதது இந்நூலின் பலம்.

இதே நோயைப் பற்றி இன்னொரு பேராசிரியரும் எழுதியிருக்கிறார். பிறேசிலின் முண்டுருக்கு மக்களிடையே கள ஆய்வு செய்தவரான கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் றொபேட் மேர்பிக்கு 1976-இல் முண்ணாண் கட்டி கண்டறியப்பட்டது. படிப்படியாகக் கைகால்கள் செயலிழந்த நிலையிலே 1987-இல் ‘மௌனமான உடல்’ என்ற நூலை வெளியிட்டு, 1990-இல் மறைந்தார். காட்டுக்குள் சென்று ஆராய்ந்தவர், தம் உடல் தம்மைக் கொண்டுசென்ற புதிய நாட்டையும் அவ்வாறே ஆராய்கிறார். ஊனமுற்றவன் நோயாளியுமல்லன், நலமுடையவனுமல்லன். சடங்கின் இடைநிலையில் நிறுத்தப்பட்டவன் போன்று வாயிலிலேயே நிற்பவன் என்பது அவரது முடிபு. நண்பரின் பார்வை விலகுவது, மற்றோர் உரையாடலில் அவரைத் தாண்டிப் பேசுவது ஆகிய அனைத்தையும் சமூக உறவுகளாகக் காண்கிறார். பிறைஸிடம் இல்லாதது இதுவே. பிறைஸின் நூலில் தனிமனிதன், மருத்துவர், நண்பர், கடவுள் உளர், சமுதாயம் இல்லை. உறுதியான பதவி, திருத்தியமைக்கப்பட்ட வீடு, ஆண்டுதோறும் உடன் வந்து தங்கிய இளம் உதவியாளர் ஆகிய வசதிகளை நன்றியுடன் குறிப்பிடுகிறாரேயன்றி, அவை அற்றவன் புதிய வாழ்வை எவ்வாறு அமைப்பான் என்பது நூலின் மையத்துக்கு வரவில்லை. எனினும் மேர்பியின் உடல் மௌனமாகிக்கொண்டே போனது; பிறைஸின் உடல் ஓலமிட்டது. உணர்விழப்பைக் கோட்பாடாக்குவது இயலும். எரிவைக் கோட்பாடாக்குவது அத்துணை எளிதன்று.

நூலின் இறுதி இயல் பற்றியே கடுமையாகச் சொல்லவேண்டியுள்ளது. பிறைஸ் அங்கே வாசகனை நேரடியாக விளித்து அறிவுரை கூறத் தொடங்குகிறார். பழைய மனிதன் இறந்துவிட்டான், அவனுக்காக அழுதுவிட்டுப் புதியவனாகு என்பது அதன் சாரம். தனக்கே இவ்வாறு கூறிக்கொண்டவனின் வாயில் இது வீரமே. ஆனால் அச்சேறிய அறிவுரை, சொன்னவனின் வாயில் மாத்திரம் தங்குவதில்லை. நலமுடையோர் அதனை எடுத்து நோவுறும் அயலவனிடம் நீட்டுவர். அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை என வினவுவர். 2009 வரை நீடித்த யுத்தத்தில் முண்ணாண் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்வோர் நம்மிடையே பலர். பேராசிரியர் பதவியோ அறிதுயில் பயிற்சியோ அற்ற அவர்களில் ஒருவர், இரவு முழுதும் கால் எரிகிறது எனச் சொல்லும்போது, இல்லாத உணர்வு எப்படி எரியும் எனக் கேட்கப்படக்கூடும். பிறைஸின் நடுப்பகுதி அவருக்குச் சாட்சியாகும். இறுதி இயல் அவருக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிடலாம்.

இவ்வபாயத்தைப் பிறைஸும் பிற்காலத்தில் ஓரளவு உணர்ந்தார் எனக் கொள்ள இடமுண்டு. இந்நூலைப் படித்த மருத்துவ மாணவர் ஒருவர், புற்றுநோயினால் படிப்பைக் கைவிட நேர்ந்தவர், கடவுள் உண்டா, உண்டெனின் அவருக்கு நம்மீது கரிசனை உண்டா என அவரிடம் கேட்டார். அதற்கெழுதிய நெடுங்கடிதமே 1999-இல் ‘தீயினுள் நிற்கும் ஒருவனுக்குக் கடிதம்’ என நூலாயிற்று. அதற்குள் அம்மாணவர் இறந்துவிட்டார். கடற்கரையிலே பிறைஸ் கேட்டதும் அம்மாணவர் கேட்டதும் ஏறத்தாழ ஒரே வினாதான்.