"இயற்கையிலேயே சாது": கற்பனை உலகங்களில் அமைதியான மக்களைப் படைப்பது பற்றி

கற்பனைக் கட்டுரையோ சிறுகதையோ எழுதச் சொன்னால், இப்போதைய மாணவர்கள் பலர் ஒரு புது உலகத்தையே கட்டி எழுப்பிவிடுகிறார்கள். திரைப்படமும் இணைய விளையாட்டும் கொடுத்த பழக்கம் இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டையும் சிலர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். எழுதத் தயங்குகிற பிள்ளைகூட தன் உலகத்தின் வரைபடத்தைக் கேட்டால் உற்சாகமாகப் பேசும்.

இந்த உலகங்களில் தவறாமல் ஓர் இனம் வரும். காட்டோரம் வாழ்வார்கள். பழம் தின்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், யாரையும் அடிக்க மாட்டார்கள். ஏன் அடிக்க மாட்டார்கள் என்று கேட்டால், "அவங்க இயற்கையிலேயே அப்படித்தான் சார்" என்று பதில் வரும். இந்தப் பதிலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். "இயற்கையிலேயே சாது" என்று எழுதும்போது, அந்த மக்களைப் பற்றி விசாரிப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். அமைதி ஒரு வேலை. அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று காட்டினால்தான் வாசகர் நம்புவார்.

ஹாபிட்களின் காவல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. அதில் வரும் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்துக்கு மூலம், டோல்கீனின் ஹாபிட்கள். முதலில் ஹாபிட் என்ற பெயரே இருந்தது. உரிமைப் பிரச்சினை வந்தபின் மாற்றினார்கள். இப்படி உருவமும் குணமும் விளையாட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் ஹாபிட்களை நம்பவைத்த காரணங்களைப் பலர் எடுத்துக்கொள்வதில்லை.

டோல்கீனின் நூலில் (1954–55) அந்தக் காரணங்கள் இருக்கின்றன. ஹாபிட்கள் தங்கள் பிறந்தநாளன்று மற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். அதனால் பொருள் ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர்களிடமும் பேராசை உண்டு. ஒரு வீட்டைக் கைப்பற்ற வருடக்கணக்கில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் அந்தக் கதையிலேயே வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் நாட்டின் எல்லையை வெளியாட்கள் சிலர் ஓசையில்லாமல் காவல் காக்கிறார்கள். காக்கப்படுகிறோம் என்பதே ஹாபிட்களுக்குத் தெரியாது. காவல் விலகியதும் முரடர்கள் உள்ளே நுழைகிறார்கள். ஹாபிட்களும் ஆயுதம் எடுக்க வேண்டிவருகிறது. அந்த நிம்மதிக்கு விலை இருந்தது, வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

கோசலம், பறம்பு, நாகர் மலை

நம் இலக்கியத்திலும் இதற்கு நல்ல பாடங்கள் உண்டு. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, கம்பரின் கோசலம். பாலகாண்டத்து நாட்டுப்படலத்தில் அந்த நாட்டில் வறுமை இல்லை, அதனால் வள்ளல்தன்மைக்கு வேலை இல்லை. பகைவர் இல்லை, அதனால் வீரம் தெரிய வழியில்லை என்று அடுக்கிச் செல்கிறார். கவிதையாகப் படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரு மாணவர் தன் கதைக்களத்துக்கு இதை மாதிரியாக எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வார். எல்லாக் குறையும் ஏற்கெனவே நீங்கிவிட்ட நாட்டில் எந்தக் கதையும் தொடங்காது. கம்பருக்கும் இது தெரியும். அவருடைய கதை கோசலம் நிறைவாக இருக்கும்போது தொடங்குவதில்லை. கைகேயி வரம் கேட்கும்போதுதான் சூடு பிடிக்கிறது. நாட்டுப்படலம் ஓர் இலட்சியத்தைக் காட்டுகிறது. அதை ஓர் ஊரின் நடைமுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, பாரியின் பறம்பு மலை. மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது புறநானூற்றின் 109ஆம் பாட்டு. அதில் மலையின் உணவுக் கணக்கைக் கொடுக்கிறார்: உழவர் உழாமலே கிடைக்கும் மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சுனைநீரும் உண்டு. படை கொண்டு பிடிக்க முடியாது. யாழ் இசைத்துப் பாடியும் ஆடியும் வந்தால் பாரி நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். பறம்பு மக்கள் வாள் எடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் "ஏன் இவர்கள் பணியவில்லை?" என்ற கேள்விக்குப் பாட்டிலேயே பதில் இருக்கிறது. சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் மற்றதெல்லாம் நம்பும்படி ஆகிவிடுகிறது. பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடிய 112ஆம் பாட்டு நம்மை உலுக்குவதற்கும் இதுவே காரணம். எதை இழந்தார்கள் என்று நமக்கு முன்பே கணக்கு தெரியும்.

மூன்றாவதுதான் என் பார்வையில் மிகத் திறமையானது: மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சாதுவனை நாகர் மலை மக்கள் தின்ன வருகிறார்கள். அவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். வியந்துபோய்த் தலைவனிடம் கூட்டிச் செல்கிறார்கள். கொலையும் கள்ளும் தீது என்று சாதுவன் சொல்ல, தலைவன் வாதம் செய்கிறான். கடைசியில், "எங்களால் முடிந்த அறம் எதுவோ அதைச் சொல்" என்கிறான். சாதுவன் அவர்கள் இறைச்சியை அடியோடு விடவேண்டும் என்று கேட்கவில்லை. கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், மூப்பால் இறந்த விலங்கை மட்டும் உண்ணுங்கள் என்கிறான்.

சாத்தனாரின் நுட்பம் இந்த இடத்தில்தான். ஒரு மக்கள் கூட்டம் ஒரே நாளில் சைவமாகிவிட்டது என்று எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம். அவர்கள் பிழைப்புக்கு ஏற்ற ஒரு விதி பேசி முடிக்கப்படுகிறது, நம்புகிறோம். குறையும் உண்டு. அந்த மக்களில் பெரும்பாலும் தலைவனே பேசுகிறான், மற்றவர் முகமில்லாமல் போகிறார்கள். அந்தப் பெண்கள் இந்த விதியைப் பற்றி என்ன நினைத்தார்கள்? நல்ல மாணவர் எழுத வேண்டிய கதை அங்கே காத்திருக்கிறது.

பக்கத்து மலையில் செமாய் மக்கள்

கற்பனையில் மட்டும்தான் அமைதியான மக்கள் இருக்கிறார்களா? வட சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் மாலிம் தாண்டி மேலே போனால் தென் பேராக். அங்கும் பகாங் மலைப்பகுதியிலும் செமாய் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். ராபர்ட் டென்டன் என்ற மானிடவியலாளர் 1968இல் அவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே "வன்முறையற்ற மக்கள்" என்று குறிப்பிட்டார். உலக அளவில் இத்துறை மாணவர்கள் படிக்கும் நூல் அது. நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர்கள் அமைதிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுகளைப் பாருங்கள். ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதை மறுத்தால், ஏமாந்த அந்த ஆளுக்கு விபத்தோ நோயோ நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் புனான் என்று பெயர். பழி மறுத்தவர் மேல் விழும். ஆகவே உணவைப் பகிர்கிறார்கள். தகராறு வந்தால் பெச்சாரா என்ற கூட்டம் கூடுகிறது. எல்லாரும் பேசலாம், சொன்னதையே திரும்பவும் சொல்லலாம், சொல்ல எதுவும் மிச்சமில்லை, கோபமும் தீர்ந்துவிட்டது என்கிறவரை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடக்கும். பயமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அடிமை பிடிக்க வந்தவர்கள் இந்த மக்களை வேட்டையாடினார்கள். அந்நியரைக் கண்டால் ஒதுங்கிப் போவது இந்த வரலாற்றில் பிழைக்கக் கற்ற வழி.

ஆக, அவர்களிடம் ஆசை, மனத்தாங்கல், தகராறு எல்லாம் இருக்கின்றன. அவற்றைச் சமாளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு செய்தி. அவசரகாலத்தில் படையில் சேர்ந்த செமாய் வீரர்களைப் பற்றி டென்டன் எழுதிய ஒரு சிறு பகுதியைச் சிலர் பிடித்துக்கொண்டு, "உள்ளுக்குள் இவர்கள் இரத்தவெறி பிடித்தவர்கள்" என்று எழுதத் தொடங்கினார்கள். அது தவறான வாசிப்பு என்று 1987இல் கிளேட்டன் ரோபர்செக்கும் டென்டனும் சேர்ந்து மறுப்புக் கட்டுரை எழுத வேண்டிவந்தது. சாது என்று முத்திரை குத்தினால், அடுத்த முத்திரை அரக்கன் என்பதாகத்தான் இருக்கும். நடுவில் மனிதர் என்ற இடம் காலியாகவே கிடக்கும்.

நம்மையும் அப்படி எழுதினார்கள்

இது வெளியார் பிரச்சினை மட்டும் இல்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில், தென்னிந்தியத் தொழிலாளர் பணிவானவர்கள், சாதுவானவர்கள், எளிதில் மேய்க்கலாம் என்பது துரைமார் எழுத்திலும் பேச்சிலும் ஊறிப்போன கருத்து. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு அந்தப் "பணிவு" எதனால் ஆனது என்று தெரியும். வீடு தோட்டத்தினுடையது, வேலையும் தோட்டத்தினுடையது. வேலை போனால் லயத்து வீடும் போகும். இதை மறைத்துவிட்டு "அவர்கள் இயல்பு" என்று எழுதுவது எவ்வளவு சுலபம்!

1941இல் அந்தச் சித்திரம் கிழிந்தது. கோல சிலாங்கூருக்குத் தெற்கே இருக்கும் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "தமிழ் நேசன்" நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

அந்த ஒரு சைக்கிள் கோரிக்கையை வைத்துக்கொண்டே ஓர் உலகத்தைப் படைத்துவிடலாம். அமைதியாக இறங்கி நின்ற ஒவ்வொரு நாளும் அந்த மனிதர் மனத்தில் என்ன ஓடியது? "சாது" என்ற சொல் அதைக் கேட்பதே இல்லை. நம் பிள்ளைகள் தங்கள் கதையில் ஓர் இனத்தை இதே சொல்லால் முடித்துவிடும்போது, துரையின் பேனாவைத் தெரியாமல் கையில் எடுக்கிறார்கள்.

வகுப்பறைக்கு

மாணவர் படைத்த அமைதியான இனத்தைத் திருத்தும்போது நான்கு கேள்வி கேளுங்கள்.

1. சோறு: என்ன சாப்பிடுகிறார்கள்? பஞ்சம் வந்தால் யாருக்கு முதலில் குறையும்?
2. சண்டை: குழாயடிச் சண்டை வந்தால் எங்கே கூடுவார்கள், யார் பேசலாம், எப்போது முடியும்?
3. பயம்: எதைப் பார்த்து ஒதுங்குகிறார்கள்? அந்தப் பயம் எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது?
4. விலை: இந்த அமைதிக்காக யார் வாய்மூடி இருக்கிறார்கள், அல்லது யார் வெளியே நின்று காவல் காக்கிறார்கள்?

நான்குக்கும் பதிலை விளக்கமாக எழுத வேண்டாம். ஒன்றைக் காட்சியாகக் காட்டினால் போதும். மற்ற மூன்றும் எழுதுகிறவர் மனத்தில் இருந்தாலே வரிகளில் தெரியும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: இலக்கியக் கேள்வியில் நாட்டு வருணனை வந்தால், "வளமான நாடு, அமைதியான மக்கள்" என்று பாராட்டிவிட்டு நகராதீர்கள். அந்த வளத்துக்குக் கவிஞர் என்ன சான்று தருகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று இரண்டு வரி சேருங்கள். விடை உங்களுடையதாக நிற்கும்.

விடுமுறைப் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம்: தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம், லயத்தில் சண்டை வந்தால் யார் தீர்த்து வைப்பார்கள், தீர்ப்பை யார் ஏற்கவில்லை என்று கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பதிலை அப்படியே தங்கள் கற்பனை இனத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டும்.