பட்டமும் வெளக்கமாறும்

1994இல் திகார் சிறையில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படிப்பு மையம் திறந்தது. இன்று கைதிக்குக் கட்டணமும் இல்லை. நல்ல காரியந்தான். 2012இல் வேலூர்ச் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதிய பேரறிவாளன் 1200க்கு 1096 எடுத்தபோது நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவர் உள்ளே போகும்போதே டிப்ளமோ முடித்தவர்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்குச் சேரிப் பையன்? ஏழாவதோட நின்னு, குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போனவன். கேஸு விழுந்தா ஜாமீனுக்கு ஆளில்லை. நாட்டின் கைதிகளில் நான்கில் மூன்று பேர் இவனைப் போல விசாரணைக் கைதிகள். சுமார் ஐந்தில் ஒருவர் தலித். எப்ப விடுவாங்கன்னே தெரியாதவன் மூணு வருஷப் படிப்பில் எப்படிச் சேர்வான்?

சின்னமனூர்ப் பக்கம் ஒரு அம்மா சொன்னார்: "உள்ள போயும் எம் மகன் கையில வெளக்கமாறுதான் தம்பி." சாதி பார்த்துச் சிறைவேலை கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 அக்டோபரில்தான். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அடைத்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. சிறைக்கல்வியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை ஏனோ தொடுவதில்லை.

பேராசிரியர்களே, அவனுடைய குற்றப்பத்திரிகையை அவனே வாசித்துப் புரிந்துகொள்ள முதலில் சொல்லிக்கொடுங்கள். பி.ஏ. அப்புறம் வரட்டும்.