பாலம் இல்லாத ஆறு

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாண'த்தை நாவல் என்று சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மத நூலாகப் படிக்க நான் கிறிஸ்தவன் அல்ல, நாவலாகத்தான் படித்தேன். எழுதியவர் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் கிடந்தவர். முதல் பாகம் 1678-ல் வெளிவந்தது.

பலரும் புகழ்வது மாயச் சந்தை அத்தியாயத்தை. வீடு, நிலம், பட்டம், பதவி, மனைவி, மக்கள் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். எனக்கென்னவோ அதில் ஒரு குறை தெரிகிறது. கிறிஸ்தியானுக்கு எதன் மேலும் ஆசை வருவதில்லை; ஆசைப்படாதவனுக்குச் சோதனை ஏது? தாக்கரே அந்தச் சந்தையின் பெயரைத் தம் நாவலுக்கு வைத்தார். வாங்க வந்தவர்களின் தவிப்பை அவர்தான் காட்டினார். பனியன் சந்தையில் உயிருள்ளது விசாரணைக் காட்சி. கூண்டில் நின்ற மனுஷர் எழுதியதல்லவா?

ஆனால் மரணத்தைச் சொல்லும் இடத்தில் பனியனுக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. மோட்ச நகரத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஓர் ஆறு. பாலம் கிடையாது. அவரவர் நம்பிக்கையின் அளவுக்குத்தான் ஆழம். இத்தனை அபாயங்களைத் தாண்டி வந்த கிறிஸ்தியான் அதில் இறங்கியதும் மூழ்குகிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன; கண் இருட்டுகிறது; தனக்கு அந்த வாசல் திறக்காது என்று புலம்புகிறான். கூட வந்தவன்தான் அவன் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான்.

என் தகப்பனார் நாற்பது வருஷம் ஒரு நாள் தவறாமல் பூஜை செய்தவர். கடைசி நாட்களில் விளக்கை அணைக்கக் கூடாது என்பார். என் கையை விடமாட்டார். அத்தனை பக்தியும் பழக்கந்தானா என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான்.

ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அறிவீனன் என்பவன் ஓடக்காரன் ஒருவன் துணையால் சிரமமின்றி ஆற்றைக் கடந்து வாசலுக்கு வருகிறான். சீட்டு இல்லை என்று கையைக் காலைக் கட்டி, மலைச்சரிவில் உள்ள கதவு வழியாக நரகத்தில் தள்ளிவிடுகிறார்கள். அத்தோடு கதையும் முடிகிறது! பயந்தவனை அவ்வளவு புரிந்துகொண்டவருக்குப் பயப்படாதவனிடம் ஏன் இத்தனை கடுமை? அங்கே பிரசங்கியார் பேனாவைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

நம் கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' இதன் வழி வந்த காவியம். கம்பனில் ஊறியவர். அதிலுள்ள தேவாரப் பாடல்களை நான் விரும்பிப் படிப்பேன். ஆனால் காவிய அலங்காரத்தில் ஓட்டை அடைப்பவரின் வெறும் பேச்சு காணாமற்போய்விட்டது.

1684-ல் வந்த இரண்டாம் பாகத்தை அதிகம் பேர் படிப்பதில்லை. அதிலும் அந்த ஆறு வருகிறது. வாழ்நாளெல்லாம் பயந்து நடுங்கிய பெண் ஒருத்தி பாடிக்கொண்டே அதில் இறங்கிப் போகிறாள். என்ன பாடினாள் என்பது கரையில் நின்றவர்களுக்குப் புரியவில்லையாம். விளக்கம் சொல்ல எப்போதும் தயாராக இருக்கும் பனியன் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.